யார் காட்டும் வழி?

2016 மார்ச் 19, சனிக்கிழமை. அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹிலாரி கிளின்டனின் பிரசாரக் குழுத் தலைவராக இருந்த ஜான் பொடெஸ்டாவின் ஜிமெயிலுக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் இடத்தில் கூகுள் என்று இருந்தது. உங்கள் கடவுச்சொல் யாரிடமோ சிக்கியிருக்கிறது, உக்ரைனிலிருந்து ஒருவர் அதைப் போட்டு உள்ளே நுழையப் பார்த்தார், நாங்கள் தடுத்துவிட்டோம், உடனே மாற்றிவிடுங்கள் என்றது கடிதம். கீழே, கடவுச்சொல்லை மாற்றுவதற்கென்று ஒரு பட்டன்.

பொடெஸ்டாவின் அலுவலகம் அவசரப்பட்டு அதை அழுத்திவிடவில்லை. இது உண்மையா என்று கணினி உதவிப் பிரிவிடம் கேட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் செய்யச் சொல்வதும் அதைத்தான். பதில் வந்தது: கடிதம் உண்மையானதுதான், உடனே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவிட வேண்டும். போலி என்று எழுத நினைத்துத் தட்டச்சில் தவறிவிட்டதாக அந்த ஊழியர் பின்னாளில் சொன்னார்.

அந்தப் பதிலில் ஒரு விஷயம் மட்டும் சரியாக இருந்தது. கடவுச்சொல்லை எங்கே போய் மாற்ற வேண்டும் என்று கூகுளின் அசல் முகவரியையும் அவர் எழுதியிருந்தார். அந்த வழியில் போயிருந்தால், போலியை அசல் என்று நம்பியதால்கூட எந்த நஷ்டமும் வந்திருக்காது. ஆனால் அழுத்தப்பட்டது முதல் கடிதத்தில் இருந்த பட்டன். 50,000-க்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் திருடப்பட்டன என்று, ரஷ்ய ராணுவ உளவுத்துறை அதிகாரிகள் 12 பேர் மீது 2018 ஜூலையில் அமெரிக்கா தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை சொல்கிறது. 2016 அக்டோபர் 7 முதல் விக்கிலீக்ஸ் அவற்றை வெளியிட்டது.

நம்பிக்கையான நிறுவனத்தின் பெயரில் வந்து கடவுச்சொல்லையோ பணத்தையோ பறிக்கும் இந்த வித்தைக்கு ஃபிஷிங் என்று பெயர். அதைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதோடு நின்றுவிடுகின்றன. பொடெஸ்டா சம்பவம் காட்டுவது வேறு. கண்டுபிடிப்பதில் தோற்ற பிறகும் தப்பிக்க ஒரு வாசல் திறந்தே இருந்தது. கண்டுபிடிக்கும் வேலையில் ஏன் எல்லாரும் ஒருநாள் தோற்கிறோம், தோற்றாலும் தப்புவது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

உறை வேறு, கடிதம் வேறு

இன்றும் உலகின் மின்னஞ்சல்களைச் சுமக்கும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறையை 1982 ஆகஸ்டில் எழுதி வெளியிட்டவர் ஜோனதன் போஸ்டல். அப்போது அந்த நெறிமுறை ஓடிய கணினி வலையில் இருந்தவை சில நூறு கணினிகள். பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும். வேண்டுமென்றே பொய்ப் பெயரில் எழுதும் ஆளை யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த நெறிமுறையில் ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் மூன்று விஷயங்களைச் சொல்கிறது. இது இன்னாரிடமிருந்து வருகிறது, இன்னாருக்குப் போக வேண்டும், இதோ கடிதம். முதல் இரண்டும் உறையின் மேல் எழுதப்படுபவை. அனுப்பியவர் என்று நம் திரையில் தெரியும் வரி உறையிலிருந்து வருவதல்ல, கடிதத்துக்குள்ளிருந்து வருவது. லெட்டர்ஹெட்டில் யார் பெயரை அச்சடித்திருக்கிறார்கள் என்று தபால்காரர் உறையைப் பிரித்துப் பார்ப்பதில்லை, எஸ்எம்டிபியும் பார்ப்பதில்லை. உறையில் ஒரு முகவரி, உள்ளே வேறொரு முகவரி, அதற்கும் முன்னால் அலங்காரமாக ஒரு பெயர் என்று மூன்றும் மூன்று விதமாக இருக்கலாம். கைபேசியில் மின்னஞ்சலைத் திறந்தால் பல நேரம் அந்த அலங்காரப் பெயர் மட்டுமே தெரியும். அதில் எந்த வங்கியின் பெயரையும் யாரும் போட்டுக்கொள்ளலாம்.

இந்த ஓட்டையை அடைக்க மூன்று ஒட்டுகள் வந்தன. முதலாவது எஸ்பிஎஃப்: தன் பெயரில் கடிதம் அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்கள் எவை என்று டொமைன் எனப்படும் இணையப் பெயரின் உரிமையாளர் ஒரு பொதுப் பட்டியல் வெளியிடுகிறார். இரண்டாவது டிகேஐஎம்: ஒவ்வொரு கடிதத்திலும் கணித முறையில் ஒரு டிஜிட்டல் கையெழுத்து. இவை உறையையும் கையெழுத்தையும் சோதித்தாலும், நம் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியோடு அவை பொருந்துகின்றனவா என்று பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பது 2012-ல் அறிமுகமான மூன்றாவது ஒட்டு, டிமார்க். பொருந்தாவிட்டால் கடிதத்தைத் தள்ளிவிடலாமா, ஸ்பாம் பெட்டியில் போடலாமா என்பதையும் டொமைன்காரரே அதில் சொல்லிவைக்கலாம். மொத்தமாகக் கடிதங்கள் அனுப்புவோருக்கு (கூகுளின் கணக்கில் நாளொன்றுக்கு 5,000-க்கு மேல்) 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இந்த மூன்றையும் கட்டாயமாக்கின.

இவ்வளவும் சேர்ந்து உறுதி செய்வது ஒன்றைத்தான்: கடிதம் இந்த டொமைனிலிருந்துதான் வந்தது. அந்த டொமைன் யோக்கியமானதா என்பது அவற்றின் வேலையில்லை. மோசடிக்காரர் தானே ஒரு டொமைன் வாங்கி மூன்று ஒட்டுகளையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டால், அவருடைய கடிதம் எல்லாச் சோதனைகளையும் தாண்டி உள்ளே வரும். எழுத்துப்பிழையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்ற பழைய நம்பிக்கையும் போய்விட்டது. எந்த மொழியிலும் பிழையில்லாமல் எழுதித்தரும் மென்பொருள் இன்று எல்லார் கையிலும் இருக்கிறது.

முகவரியை வலமிருந்து படிப்பது

பொடெஸ்டா போயிருக்க வேண்டிய முகவரியைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

மைஅக்கவுண்ட்.கூகுள்.காம்/செக்யூரிட்டி

போலிப் பட்டன் கொண்டுபோன இடம் இது:

மைஅக்கவுண்ட்.கூகுள்.காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்.டிகே

இடமிருந்து படித்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. நம் கண் முதல் சில எழுத்துகளைப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஆனால் இணையம் டொமைனைப் படிப்பது வலமிருந்து. முகவரியின் தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு இருந்தால் அதை விட்டுவிட்டு, அதன்பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டொமைன் அங்கே முடிகிறது. அங்கிருந்து இடப்பக்கமாக வந்தால், அசலில் கடைசியில் இருப்பது ‘காம்’, அதற்கு முன் ‘கூகுள்’. ஆகவே இடம் கூகுளுடையது. ‘மைஅக்கவுண்ட்’ என்பது கூகுள் தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்ட ஓர் அறை.

போலியில் சாய்கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு இடைக்கோடு. அதனால் டொமைன் அங்கே முடியாமல் நீள்கிறது. கடைசியில் ‘டிகே’, அது தென் பசிபிக்கில் நியூசிலாந்தின் ஆட்சிக்குட்பட்ட டோகெலாவ் தீவுகளுக்கான குறியீடு. அந்தக் காலத்தில் அதில் இலவசமாகவே டொமைன் பதிவு செய்ய முடிந்தது. அதற்கு முன் இருக்கும் ‘காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்’ என்பதுதான் பதிவு செய்யப்பட்ட பெயர். அதற்கும் இடப்பக்கம் இருக்கும் கூகுள் என்ற சொல், அந்தப் பெயரை வாங்கியவர் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. இதுவும் பட்டனில் நேரடியாகத் தெரியவில்லை. பிட்லி என்ற சுருக்க இணைப்புக்குள் ஒளிந்திருந்தது.

வலமிருந்து படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் கணிசமான போலிகள் அங்கேயே உதிர்ந்துவிடும். கணினியில் இணைப்பின் மேல் அம்புக்குறியை வைத்தாலே அதில் உள்ள முகவரி திரையின் கீழே தெரியும். கைபேசியில் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் தெரியும். ‘கோ.இன்’ போன்ற முடிவுகளில் மட்டும் வலப்பக்கத்து இரண்டு துண்டுகளை விட்டு மூன்றாவதைப் பார்க்க வேண்டும்.

கண்ணுக்கு உருவம், கணினிக்கு எண்

எல்லாப் போலிகளும் உதிராது. தமிழ் எழுத்து ‘அ’ ஒன்றையும் தமிழ் எண் எட்டைக் குறிக்கும் ‘௮’ ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘எ’ என்ற எழுத்தும் ஏழைக் குறிக்கும் ‘௭’ என்ற எண்ணும் அப்படியே. நமக்கு ஒரே உருவம். யூனிகோடில் வெவ்வேறு குறியீட்டு எண்கள். கணினி அவற்றை ஒன்றாக ஒருபோதும் கருதாது.

ஆங்கிலத்துக்கும் ரஷ்ய மொழியின் சிரிலிக் வரிவடிவத்துக்கும் இடையே இப்படிப்பட்ட இரட்டையர்கள் ஏராளம். 2002-ல் இஸ்ரேலின் டெக்னியானைச் சேர்ந்த எவ்கெனி கப்ரிலோவிச், அலெக்ஸ் கோன்ட்மாக்கர் இருவரும் இந்த ஆபத்தைக் கட்டுரையாக எழுதினார்கள். மைக்ரோசாஃப்ட் என்ற பெயரில் இரண்டு ஆங்கில எழுத்துகளுக்குப் பதில் ரஷ்ய எழுத்துகளை வைத்து ஒரு டொமைனைப் பதிவும் செய்து காட்டினார்கள். 2017-ல் ஷூடோங் ஜெங் என்ற ஆய்வாளர் முழுக்க சிரிலிக் எழுத்துகளாலேயே ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி போலவே தெரியும் டொமைனை அமைத்தார். அன்றைய குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் கண்ணால் வித்தியாசம் காண முடியவில்லை. அதன்பின் குரோம் தன் விதியை இறுக்கியது. சந்தேகமான பெயர்களை உருவத்தில் காட்டாமல் குறியீட்டு வடிவில் காட்டத் தொடங்கியது.

இந்த அளவு சிரமம்கூடப் பல நேரம் தேவைப்படுவதில்லை. 2006-ல் ரச்னா தமிஜா, டக் டைகர், மார்ட்டி ஹெர்ஸ்ட் மூவரும் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். 22 பேரிடம் 20 வலைத்தளங்களைக் காட்டி எது அசல், எது போலி என்று கேட்டார்கள். போலியைக் கண்டுபிடிக்கவே அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவசரமில்லை, பயமில்லை. அப்படியும் ஒரு வங்கித் தளத்தின் நகல் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரை ஏமாற்றியது. அதன் முகவரியில் செய்திருந்த மாற்றம், டபிள்யூ என்ற ஆங்கில எழுத்துக்குப் பதிலாக அருகருகே இரண்டு ‘வி’. ஏறக்குறைய கால்வாசிப் பேர் முகவரிப் பட்டையைப் பார்க்கவே இல்லை. பக்கத்தின் தோற்றத்தை வைத்தே முடிவு செய்தார்கள். படிப்பு, வயது, கணினியில் செலவிட்ட நேரம் எதற்கும் ஏமாறுவதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு கிடைக்கவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் படித்தவர் ஏமாறமாட்டார் என்ற நினைப்பைச் சற்று ஆட்டிவைக்கப் போதும்.

தோற்றத்தோடு உறவும் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசம். இந்தியானா பல்கலைக்கழகத்தில் 2005-ல் நடந்த சோதனையில், மாணவர்களுக்குப் பொய்க் கடிதங்கள் போயின. முன்பின் தெரியாத ஒருவர் பெயரில் வந்தபோது 16 சதவீதத்தினர் கடவுச்சொல்லைக் கொடுத்தார்கள். நண்பரின் பெயரில் வந்தபோது 72 சதவீதத்தினர். யார் யாருக்கு நண்பர் என்ற விவரத்தை ஆய்வாளர்கள் பொதுவில் கிடந்த தகவல்களிலிருந்தே திரட்டியிருந்தார்கள். வங்கி, கூரியர், வருமான வரித்துறை என்று நாம் ஏற்கெனவே உறவு வைத்திருக்கும் இடங்களின் பெயரிலேயே போலிக் கடிதங்கள் வருவதன் காரணம் இதுதான். ஆயிரம் பேருக்கு அனுப்பினால் அதில் சிலராவது அன்று ஒரு பார்சலுக்குக் காத்திருப்பார்கள். அன்றைக்கு அந்தச் சிலருக்கு அது பொருத்தமான கடிதமாகிவிடுகிறது.

பூட்டுப் படத்தின் கதை

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்று வெகுகாலம் சொல்லிக்கொடுத்தார்கள். பூட்டு சொன்னது இதுதான்: உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. அந்தத் தளம் திருடனுடையதாக இருந்தால், திருடனுக்கும் உங்களுக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது, அவ்வளவுதான். பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கத் தொடங்கியதும் போலித் தளங்களும் அதை மாட்டிக்கொண்டன. மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று சொல்லியே 2023-ல் குரோம் அந்தப் படத்தை எடுத்துவிட்டது.

ஏமாற வழியில்லாத சாவி

ஓடிபி இருக்கிறதே என்று தோன்றலாம். 2022 கோடையில் நடந்த ஒரு தாக்குதல் அதற்கு விடை சொல்கிறது. அந்த ஜூலை 20 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் குறைந்தது 76 பேருக்கு ஒரே நிமிடத்துக்குள் குறுஞ்செய்திகள் வந்தன. மின்னஞ்சல் இல்லை என்றாலும் வித்தை அதேதான்: அலுவலகத்துக்குள் நுழைய அவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஆக்டா என்ற சேவையின் பக்கம் போலவே ஒரு பக்கம். அதற்கான டொமைன் பதிவாகி 40 நிமிடம்கூட ஆகவில்லை. ஆகவே எந்தத் தடைப்பட்டியலிலும் அது ஏறியிருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் தட்டச்சு செய்த கடவுச்சொல் அந்தக் கணமே டெலிகிராம் வழியாகத் திருடனுக்குப் போகும். அவர் அதை அசல் தளத்தில் போடுவார். போலிப் பக்கம் ஓடிபியையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஓடிபி யாருடைய பக்கத்தில் தட்டப்படுகிறது என்று ஓடிபிக்குத் தெரியாது.

கிளவுட்ஃபிளேர் ஊழியர்கள் மூன்று பேர் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் திருடன் உள்ளே வரவில்லை. அங்கே ஓடிபிக்குப் பதிலாக ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாதுகாப்புச் சாவி இருந்தது. அதே காலத்தில் இதே பாணித் தாக்குதலைச் சந்தித்த ட்விலியோ நிறுவனத்தில் திருடர்கள் உள்ளே புகுந்து வாடிக்கையாளர் தகவல்களைப் பார்த்துவிட்டார்கள்.

அந்தச் சாவி எப்படி வேலை செய்கிறது? பதிவு செய்யும்போது அது ஒரு குறிப்பிட்ட டொமைனுக்கென்று ஒரு ரகசிய எண்ணை உருவாக்கித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. பின்னால் நுழையும்போது, இப்போது எந்த டொமைனில் இருக்கிறோம் என்று பிரவுசர் அதற்குச் சொல்கிறது. டொமைன் ஓர் எழுத்து மாறினாலும் சாவி வாயைத் திறக்காது. அதற்கு லோகோ தெரியாது, அவசரம் தெரியாது, இரண்டு ‘வி’யை ‘டபிள்யூ’ என்று படிக்கவும் தெரியாது. கொடுத்துவிடலாம் என்று நாமே நினைத்தாலும், கொடுப்பதற்கு நம் கையில் எழுத்து வடிவில் எதுவும் இல்லை. இதே தத்துவம் இப்போது பாஸ்கீ என்ற பெயரில் சாதாரணக் கைபேசிக்குள் வந்துவிட்டது. 2023 மே முதல் கூகுள் கணக்குகளில் யாரும் அதைப் போட்டுக்கொள்ளலாம். கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் மென்பொருளும் இதே உதவியைச் செய்கிறது. வழக்கமாகத் தானே நிரப்பும் இடத்தில் ஒருநாள் அது நிரப்பாமல் நின்றால், நீங்களே தட்டச்சு செய்யப் போகாதீர்கள். முகவரியை ஒருமுறை வலமிருந்து படியுங்கள்.

செய்தியை எடுத்துக்கொள், வழியை விட்டுவிடு

கடவுச்சொல்லே கேட்காத கடிதங்களும் உண்டு. லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்தாஸ் ரிமசாவ்ஸ்காஸ், தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். 2013 முதல் 2015 வரை, குவான்டா அனுப்புவது போல இன்வாய்ஸ்களையும் கடிதங்களையும் அனுப்பி, கூகுளிடமிருந்தும் ஃபேஸ்புக்கிடமிருந்தும் 12 கோடி டாலருக்கு மேல் தன் வங்கிக் கணக்குகளுக்கு வரவழைத்தார். 2019 டிசம்பரில் அவருக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இணையத்தை நடத்தும் இரண்டு நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகளே கடிதத்தைப் பார்த்துத் தீர்மானித்தால் ஏமாறும் என்றால், தனி மனிதர் எம்மாத்திரம்?

கைக்கொள்ள வேண்டிய பழக்கம் எளிது. கடிதம் கொண்டுவரும் செய்தியைக் கேட்டுக்கொள்ளலாம். அது காட்டும் வழியில் போகக் கூடாது. வங்கிக் கணக்கு முடங்கப்போகிறது என்று வந்தால், கடிதத்தை மூடிவிட்டு, கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் வங்கி ஆப்பைத் திறந்து பாருங்கள். உண்மையாக இருந்தால் அங்கேயும் சொல்லியிருப்பார்கள். கடிதத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணும் கடிதம் காட்டும் வழிதான். கார்டின் பின்புறத்தில் அச்சிட்ட எண்ணுக்குப் பேசுங்கள். கியூஆர் குறியீடும் அப்படியே, அதில் முகவரியைக் கண்ணால் படிக்கவும் முடியாது. தேடுபொறியில் வங்கிப் பெயரைத் தேடி முதலில் வரும் விளம்பரத்தை அழுத்துவதும் இன்னொருவர் காட்டும் வழியே. அலுவலகத்தில், பழைய சப்ளையரின் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று கடிதம் வந்தால், ஏற்கெனவே நம்மிடம் உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது.

இந்தப் பழக்கத்தில் ஒரு சௌகரியம். கடிதம் அசலா போலியா என்று நீங்கள் தீர்மானிக்கவே வேண்டாம். அசலாக இருந்தால் வேலை முடிந்துவிடும். போலியாக இருந்தால் எதுவும் நடக்காது.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், வெட்கப்பட்டு ஒளிக்கும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்கு லாபம். அசல் தளத்துக்குப் போய்க் கடவுச்சொல்லை மாற்றி, மற்றக் கருவிகள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறச் செய்யுங்கள். அதே கடவுச்சொல் வேறெங்காவது இருந்தால் அங்கேயும் மாற்றுங்கள். உங்கள் கடிதங்களை வேறொரு முகவரிக்கு அனுப்பும்படி அமைப்பில் ஏதாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல் மாறிய பிறகும் படிப்பதற்குத் திருடர்கள் விட்டுப்போகும் கதவு அது. பணம் போயிருந்தால் வங்கிக்கும், இந்தியாவில் 1930 என்ற எண்ணுக்கும் உடனே சொல்ல வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க முடியும் என்பதால்தான் அந்த எண்ணே இருக்கிறது.

எச்சரிக்கை யார் வேலை?

இவ்வளவு நேரம் வாசகரிடமே பேசிக்கொண்டிருந்தோம். கடிதம் அனுப்பும் நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. இணைப்பை அழுத்தாதீர்கள் என்று காலையில் எச்சரிக்கை அனுப்பும் நிறுவனமே, மாலையில் யாரும் கேள்விப்படாத டொமைனிலிருந்து, சுருக்க இணைப்போடு, இன்றே கடைசி நாள் என்று சலுகைக் கடிதம் அனுப்புகிறது. அசல்கள் போலியைப் போலவே நடந்துகொண்டால், வித்தியாசம் காணும்படி வாடிக்கையாளரைக் கேட்பதில் நியாயமில்லை.

இந்திய ரிசர்வ் வங்கி 2025-ல் எடுத்த முடிவு இந்தத் திசையில் ஓர் அடி. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் ‘பேங்க்.இன்’ என்று முடியும் டொமைனுக்கு மாற வேண்டும் என்று அது உத்தரவிட்டது. ஐதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற நிறுவனம் மட்டுமே அதைப் பதிவு செய்து தரும். வங்கி அல்லாதவருக்குக் கிடைக்காது. வலமிருந்து படிப்பவருக்கு இனி முதல் இரண்டு துண்டுகளே போதும். ஆனால் ‘பேங்க்’ என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பது புள்ளியா, இடைக்கோடா என்று அப்போதும் பார்க்க வேண்டும். இடைக்கோடு என்றால் அது யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய சாதாரண ‘இன்’ முகவரி.

முகவரியைக் கண்ணால் சோதிக்கும் கடைசிப் பொறுப்பை இந்த மாற்றமும் வாசகரிடமே விட்டிருக்கிறது. சாவியும் பாஸ்கீயும் அதை இயந்திரத்திடம் மாற்றித் தருகின்றன. மீதியை நிறுவனங்கள் செய்யலாம், அதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. கடிதத்தில் பட்டன் வைப்பதை நிறுத்திவிட்டு, எங்கள் ஆப்பைத் திறந்து பாருங்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். அசல் வங்கிக் கடிதம் எதிலும் பட்டன் வராது என்பது ஊரறிந்த வழக்கமாகிவிட்டால், பட்டனோடு வரும் கடிதம் யாருடையது என்று யாரும் ஆராய வேண்டியிருக்காது.